ஒண்டிக்கு ஒண்டி போக்கரில் ஆல்-இன்: கால் கொடுப்பதா, சீட்டைப் போடுவதா?

மேஜையில் இரண்டே பேர். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் பந்தயம், 100, 200. ஆளுக்கு 12,000 சிப். பட்டனில், அதாவது சீட்டு பகிர்பவரின் இடத்தில், இருந்த எதிராளி 500-க்கு ஏற்றினார். என் கையில் டைமண்ட் கிங், கிளாவர் குயின். அந்த அளவையே நானும் வைத்துக் கால் கொடுத்தேன். ஃப்ளாப், அதாவது மேஜையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு: இஸ்பேட் கிங், இஸ்பேட் எட்டு, டைமண்ட் ஐந்து. நான் செக் (பந்தயம் கட்டாமல் விடுவது), அவர் 500, கால். டர்னில், நான்காவது சீட்டாக, கிளாவர் இரண்டு. மறுபடி செக், அவர் 1,500, கால். நடுவில் 5,000 சேர்ந்துவிட்டது. ரிவரில், ஐந்தாவது கடைசிச் சீட்டாக, ஆர்ட்டின் ஜாக். நான் செக் சொல்லி வாய் மூடுவதற்குள் மிச்சமிருந்த 9,500-ஐயும் உள்ளே தள்ளி ஆல்-இன் என்றார்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி, "அவரிடம் நல்ல கை இருக்கிறதா, இல்லையா?" என்பதுதான். எனக்கும் பல வருஷம் அப்படித்தான் எழுந்தது. எதிராளியின் முகத்தைப் பார்ப்பேன், சிப் தள்ளிய வேகத்தைப் பார்ப்பேன், கடைசியில் மனசு சொன்னதைச் செய்துவிட்டு அதற்கு ஒரு காரணம் கட்டுவேன். கேள்வியே தப்பு என்று புரிய நாள் ஆயிற்று. இருக்கிறதா இல்லையா என்பது யாராலும் விடை சொல்ல முடியாத கேள்வி. எத்தனை தடவைக்கு எத்தனை தடவை இல்லாமல் இருந்தால் எனக்குக் கட்டும் என்பது விடை உள்ள கேள்வி. முதலில் அதற்கு விடை கண்டுபிடித்துவிட்டு அப்புறம் முகத்தைப் பார்க்கலாம்.

எனக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள். சீட்டைப் போட்டால், அதாவது இந்தக் கையை விட்டுக்கொடுத்தால், 9,500 சிப் நிச்சயம். கால் கொடுத்தால் 24,000 அல்லது பூஜ்யம். 9,500-ஐ 24,000-ஆல் வகுத்தால் 39.6 சதவீதம். நூறு தடவையில் நாற்பது தடவை நான் ஜெயித்தால் கால் கொடுப்பதும் போடுவதும் ஏறக்குறைய ஒன்று. அதற்கு மேல் என்றால் கால், கீழ் என்றால் போட்டுவிட வேண்டியது. இதைத்தான் பாட் ஆட்ஸ் என்கிறார்கள். இருவரும் சமமான சிப்போடு தொடங்கிய கையில் இன்னொரு விஷயமும் உண்டு. தேவைப்படும் சதவீதமும், சீட்டைப் போட்டால் மொத்த சிப்பில் என்னிடம் மிஞ்சும் பங்கும் ஒரே எண்தான். போட்ட பிறகு 24,000-இல் 9,500 எனக்கு, அதுவும் 39.6. அதனால் நான் பாட் ஆட்ஸ் என்ற சொல்லையே விட்டுவிட்டு, "போட்டால் என் பங்கு எவ்வளவு, கால் கொடுத்தால் என் பங்கு எவ்வளவு" என்றுதான் யோசிக்கிறேன். ஒப்பிட வேண்டிய இரண்டும் ஒரே தராசில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

நடுவில் கிடப்பதோடு ஒப்பிட்டு ஆல்-இன் எவ்வளவு பெரியது என்று பார்த்தாலும் இதே விடை வரும். கிடப்பதில் பாதி அளவுக்குத் தள்ளினால் 25 சதவீதம் போதும். கால் கொடுக்கக் கால் பங்கு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். கிடப்பதற்குச் சமமாகத் தள்ளினால் 33. இரண்டு மடங்கு தள்ளினால் 40. எவ்வளவு பெரிதாகத் தள்ளினாலும் 50-ஐத் தொடாது, ஏனென்றால் நடுவில் ஏற்கெனவே ஏதோ கிடக்கிறது. ஆல்-இன் என்ற சத்தத்தில் பதறி, "நிச்சயமாகத் தெரிந்தால்தான் கொடுப்பேன்" என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பாதிக்கு மேல் தோற்கும் காலும் லாபமான காலாக இருக்க முடியும்.

டோர்னமெண்ட் ஆடுபவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஒன்பது பேர் மிச்சம், எட்டுப் பேருக்குத்தான் பரிசு என்ற இடத்தில் சீட்டைப் போடுவதற்குத் தனி மதிப்பு உண்டு. நீங்கள் சும்மா இருக்கும்போதே வேறு யாரோ வெளியேறி உங்கள் பரிசு ஏறலாம். அந்தப் பயத்தோடு நாலு மணி நேரம் ஆடிவிட்டுக் கடைசி இருவரில் ஒருவராக வருகிறீர்கள். பழக்கம் விடாது. ஆனால் இங்கே வெளியேற வேறு ஆள் இல்லை. 2003 உலகத் தொடர் போக்கர் முதன்மைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 13 லட்சம். இருவர் மிஞ்சியதும் 13 லட்சம் இருவருக்குமே உறுதி. மேஜைமேல் கிடப்பது வித்தியாசமான 12 லட்சம் மட்டும்தான், அதுவும் சிப்புக்குச் சிப் நேர்விகிதத்தில். இருவரும் சம திறமை என்றால், 40 சதவீத சிப் வைத்திருப்பவரின் இடத்துக்கு மதிப்பு 13 லட்சத்தோடு 4 லட்சத்து 80 ஆயிரம். சிப் கணக்கும் பணக் கணக்கும் ஒன்றாகிவிடுகிற அபூர்வமான இடம் இது. முந்தைய சுற்றுகளின் ஜாக்கிரதையை இங்கே கொண்டுவந்தால், அந்த ஜாக்கிரதைக்கு எதிராளிதான் வட்டி வாங்குவார்.

சரி, தேவை 39.6. என்னிடம் அது இருக்கிறதா?

ரிவரில் இனி வரச் சீட்டு இல்லை. என் கிங்-குயின் ஒன்று ஜெயிக்கும், இல்லை தோற்கும். அவர் நல்ல கையோடு இந்த அளவுக்குத் தள்ளினால் நான் தோற்கிறேன். உதார் விட்டால் ஜெயிக்கிறேன். எனவே எண்ண வேண்டியது அவர் கையில் இருக்கக்கூடிய இரண்டிரண்டு சீட்டுகளின் சேர்க்கைகளை. ஒரு ஜோடிக்கு, மேஜையிலும் என் கையிலும் எதுவும் தெரியாதபோது, 6 சேர்க்கைகள். ஒரே ஜாதியில் இரண்டு சீட்டு என்றால் 4, வேறு ஜாதி என்றால் 12. தெரிந்த சீட்டுகள் இதைக் குறைக்கும்.

என்னை வெல்லும் கைகளை முதலில் எண்ணுவோம். ஒரு கிங் மேஜையில், ஒன்று என்னிடம். அதனால் கிங் ஜோடிக்கு ஒரே சேர்க்கை. எட்டு ஜோடி 3, ஐந்து ஜோடி 3, இரண்டாம் எண் ஜோடி 3. செட் (கை ஜோடியோடு மேஜைச் சீட்டும் சேர்ந்து ஒரே எண்ணில் மூன்று) எல்லாம் சேர்த்து 10. கிங்-ஜாக் 6. கிங்-எட்டு 6, இருவர் ஆட்டத்தில் பட்டனில் இருப்பவர் கிங்-எட்டைக் கீழே போட மாட்டார். கிங்-ஐந்தும் கிங்-இரண்டும் ஒரே ஜாதியாக இருந்தால்தான் ஆடுவார் என்று வைத்தால் 2, 1. எட்டு-ஐந்து ஒரே ஜாதியில் 2. மொத்தம் 27. ஜாக் ஜோடியை விட்டுவிட்டேன், ஏனென்றால் கிங் வந்த ஃப்ளாப்பில் அதை வைத்துக்கொண்டு இரண்டு தடவை பந்தயம் கட்டுபவர் குறைவு.

இப்போது உதார் பக்கம். ஃப்ளாப்பில் இரண்டு இஸ்பேட் வந்தன, ஒரே ஜாதியில் ஐந்து சேரும் ஃப்ளஷுக்குக் காத்திருந்தவருக்கு மூன்றாவது வரவே இல்லை. இஸ்பேடில் மீதி 11 சீட்டு. ஜாக், ஐந்து, இரண்டு இருந்தால் ஏதோ ஒரு ஜோடி சேர்ந்திருக்கும், அவர் சும்மா காட்டிப் பார்க்கவே விரும்புவார். அவற்றைக் கழித்தால் 8 சீட்டு, அதிலிருந்து இரண்டிரண்டாக 28 சேர்க்கைகள். ஏழு-ஆறு, நேர்வரிசைக்குக் காத்திருந்து கிடைக்காத கை, இஸ்பேட் ஜாதியில் இருப்பதை ஏற்கெனவே எண்ணிவிட்டதால் மீதி 15. ஆக 43 கைகள் ஒன்றும் சேராமல் ரிவருக்கு வந்து நிற்கின்றன.

எனக்கு 39.6 சதவீதம் வேண்டும் என்றால், 27 நல்ல கைக்கு எதிராகக் குறைந்தது 18 உதார்கள் இருக்க வேண்டும். இருக்கும் 43-இல் 18. "அவரிடம் இருக்கிறதா" என்ற கேள்வி இப்படி மாறிவிட்டது: இந்த மனுஷன், சேராமல் போன கைகளில் பத்துக்கு நான்கைக் கடைசிவரை தள்ளக்கூடியவரா?

பாதியைத் தள்ளுபவர் என்றால், ஏறக்குறைய 22 உதார், 27 நிஜம். கால் கொடுத்தால் சராசரியாக 1,275 சிப் லாபம். கால்பகுதியை மட்டும் தள்ளுபவர் என்றால் 11 உதார், 27 நிஜம். கால் கொடுத்தால் சராசரியாக 2,550 சிப் நஷ்டம். அதே சீட்டு, அதே மேஜை, அதே பந்தயம். ஆள் மாறினால் விடை தலைகீழ். ஏஸ்-கிங்கையும் இப்படித் தள்ளுபவரானால் 27 என்பது 35 ஆகும், எனக்குத் தேவையான உதார் 23 ஆக ஏறும். மாறாக, கிங்-பத்தைப் பெரிய கை என்று நம்பித் தள்ளுபவர் எதிரே இருந்தால் அந்த 8 சேர்க்கைகளும் என் பக்கம் வந்து சேரும். எதிராளி நிஜமென்று நினைத்துத் தள்ளும் சுமாரான கையும் நமக்கு உதார் போலத்தான். இதைப் பலர் எண்ணவே மாட்டார்கள்.

என் அனுபவத்தில், பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள் முதல் பந்தயத்தில் தாராளமாக உதார் விடுவார்கள், இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவது பெரிய ஆல்-இன்னில் பெரும்பாலும் கை நடுங்கிவிடும். செக் செய்துவிட்டுத் தோல்வியை ஒத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் ரிவரில் இரண்டு மடங்கு தள்ளினால் கிங்-குயினைக் கீழே போடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. நிறையப் படித்து ஆடுபவர்கள் நேர்மாறு. சேராத கைகளில் எதைத் தள்ளலாம் என்று வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்.

இதில் ஒரு சின்ன சீட்டு எவ்வளவு பேசும் என்று பாருங்கள். என் கையில் கிளாவர் குயினுக்குப் பதில் இஸ்பேட் குயின் இருந்திருந்தால்? கையின் பலம் ஒரு துளியும் மாறவில்லை. ஆனால் அந்தக் குயின் என்னிடம் இருப்பதால் அவரிடம் இருக்க முடியாது. 28 இஸ்பேட் உதார்கள் 21 ஆகிவிடும். மொத்தம் 43, 36 ஆகிறது. தேவை அதே 18. முன்பு அவர் 42 சதவீதம் தள்ளினால் போதும், இப்போது சரிபாதி தள்ள வேண்டும். பார்க்க அழகாக இருக்கும் இஸ்பேட் குயின்தான் இங்கே எனக்குப் பகை.

இதே இஸ்பேட் குயின் இன்னொரு மேஜையில் நேர்மாறான வேலை செய்தது. மேலே சொன்ன 2003 போட்டியின் கடைசி இருவர் கிறிஸ் மணிமேக்கரும் சாம் ஃபார்ஹாவும். ஒரு கையில் ஃபார்ஹாவிடம் இஸ்பேட் குயின், ஆர்ட்டின் ஒன்பது. மேஜையில் இஸ்பேட் ஒன்பது, டைமண்ட் இரண்டு, இஸ்பேட் ஆறு, இஸ்பேட் எட்டு, ஆர்ட்டின் மூன்று. ரிவரில் மணிமேக்கர் ஆல்-இன். ஃபார்ஹா நெடுநேரம் யோசித்தார். ஃப்ளஷ் தவறிப்போய்விட்டதா என்று எதிராளியைச் சீண்டியும் பார்த்தார். கடைசியில் சீட்டைப் போட்டார். மணிமேக்கரிடம் இருந்தது இஸ்பேட் கிங்கும் ஆர்ட்டின் ஏழும். ஃப்ளஷுக்கும் நேர்வரிசைக்கும் காத்திருந்து இரண்டுமே கிடைக்காத வெறும் கை. ஃபார்ஹா வாயால் சொன்னது அப்படியே உண்மை, கை மட்டும் வேறு முடிவு எடுத்தது. அங்கே மூன்று இஸ்பேட் ஏற்கெனவே மேஜையில் இருந்தன. அதாவது இஸ்பேட் சேர்ந்தவர் ஜெயிக்கும் கையை வைத்திருப்பவர். ஃபார்ஹாவின் குயின் எதிராளியின் ஃப்ளஷ் சேர்க்கைகளில் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. அது கால் கொடுக்கச் சொல்லும் சீட்டு. என் மேஜையில் அதே சீட்டு போடச் சொல்கிறது. "ஃப்ளஷ் சீட்டு கையில் இருந்தால் கால்" என்று சூத்திரமாக எடுத்துக்கொண்டவர் பாதி தடவை தப்பு செய்வார். ஃப்ளஷ் சேர்ந்ததா, தவறியதா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஃபார்ஹா போட்டது தவறா? எதிராளியின் சீட்டைத் தெரிந்துகொண்டு சொல்வது சுலபம். அன்றைக்கு அவருக்கு எதிரே இருந்தவர் பெரிய போட்டிகளில் பழக்கமே இல்லாத புதியவர். புதியவர்கள் இவ்வளவு பெரிய இடத்தில் உதார் விடமாட்டார்கள் என்பது நியாயமான ஊகம்தான். நானும் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு பாதையும் இருக்கிறது: எதிராளியை எண்ணாமல் என்னையே எண்ணுவது. அவர் 5,000-ஐப் பறிக்க 9,500 வைக்கிறார். நான் 65.5 சதவீதத்துக்கு மேல் சீட்டைப் போட்டால், எந்தக் குப்பையை வைத்துத் தள்ளினாலும் அவருக்கு லாபம். அதனால் இந்த ரிவருக்கு நான் கொண்டுவரக்கூடிய எல்லாக் கைகளிலும் மேல்வரிசை மூன்றில் ஒரு பங்கோடு கால் கொடுக்க வேண்டும். ஃப்ளாப்பிலும் டர்னிலும் நான் எட்டு ஜோடி, ஐந்து ஜோடி, சிறிய கிங், ஃப்ளஷ் காத்திருப்பு என்று எத்தனையோ கைகளோடு கால் கொடுத்து வந்திருப்பேன். அந்தக் கூட்டத்தில் கிங்-குயின் முதல் வரிசைக்காரன். இந்தக் கணக்குப்படி கண்ணை மூடிக்கொண்டு கால்.

இரண்டு பாதையும் எதிரெதிர் விடை சொல்லும்போது எதை எடுப்பது? குறை எதுவுமே இல்லாத ஆட்டக்காரர் எதிரே இருந்தால், அவர் உதாரின் அளவைச் சரியாக 39.6 சதவீதத்தில் நிறுத்தியிருப்பார். அப்போது கிங்-குயினுக்குக் கால் கொடுத்தாலும் போட்டாலும் சராசரி ஒன்றே. நான் அரை மணி நேரம் யோசித்தாலும் நாணயத்தைச் சுண்டினாலும் பலன் வேறல்ல. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற நிரல் 2017 ஜனவரியில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு தனித்தனியாக, மொத்தம் 1,20,000 கைகள் ஒண்டிக்கு ஒண்டி ஆடி, பதினேழு லட்சத்துக்கும் மேல் சிப் வித்தியாசத்தில் ஜெயித்தது. நடுவில் கிடப்பதைப் போலப் பல மடங்கு தள்ளுவது அதன் வழக்கமான ஆயுதம். அப்படித் தள்ளும்போது நிஜமும் உதாரும் கலந்த விகிதம் எதிராளியைத் திணறடிக்கும் இடத்தில் நிற்கும். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் என்னைக் காக்கும் ஒரே வழி, என் கைகளில் மூன்றில் ஒரு பங்கைத் தவறாமல் காட்டுவது.

ஆனால் நமக்கு எதிரே உட்காருவது நிரல் அல்ல. மனிதர்கள் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பார்கள், சாய்வு தெரிந்தவுடன் இரண்டாவது பாதை வீண். என் வழக்கம் இதுதான்: முதல் அரை மணி நேரம், ஆளைத் தெரியாதவரை, என் கைகளை எண்ணுகிறேன். அவர் ரிவரில் காட்டிய சீட்டு மூன்று நான்கைப் பார்த்தபிறகு அவர் கைகளை எண்ணத் தொடங்குகிறேன். இரண்டையும் ஒரே கையில் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்; கால் கொடுக்க ஆசையாக இருக்கும்போது ஒரு கணக்கும், பயமாக இருக்கும்போது இன்னொரு கணக்கும் கைகொடுக்க ஓடிவரும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆழமான ஸ்டேக், அதாவது கையிருப்பில் சிப் நிறைய இருக்கும் நிலை, ரிவர். சிப் குறைந்து, ஃப்ளாப்புக்கு முன்னாலேயே தள்ளும் கட்டம் முற்றிலும் வேறு. அங்கே உதாரா நிஜமா என்ற பேச்சே பாதி அர்த்தம் இழந்துவிடும், ஏனென்றால் ஐந்து சீட்டு இன்னும் வர வேண்டும், எந்தக் கைக்கும் ஏதோ உயிர் இருக்கிறது.

பிளைண்ட் 500, 1,000. ஆளுக்கு 10,000. ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் எல்லாவற்றையும் தள்ளுகிறார். பிக் பிளைண்டாக நான் 1,000 வைத்துவிட்டேன், இன்னும் 9,000 வைத்தால் 20,000-க்கு ஆட்டம். தேவை 45 சதவீதம். போட்டால் என் பங்கும் 45. இப்போது ஏஸ்-கிங்குக்கு எதிரே என்னிடம் ஏழு-இரண்டு இருந்தால்கூட மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கிறேன். சின்ன ஜோடிக்கு எதிரே இரண்டு பெரிய சீட்டு என்றால் ஏறக்குறைய பூவா தலையாதான், ஜோடிக்குக் கொஞ்சம் சாதகம். அவருடைய இரண்டு சீட்டும் என்னுடையவற்றைவிடப் பெரியவை, ஆனால் பொதுச் சீட்டு இல்லை என்றால் எனக்கு 35-ஐ ஒட்டி. உண்மையிலேயே கொல்லும் நிலைமை இரண்டு மட்டும். ஒன்று, பெரிய ஜோடிக்கு எதிரே சின்ன ஜோடியோ, அதைவிடச் சின்ன இரண்டு சீட்டோ இருப்பது. கிங் ஜோடி ஏஸ் ஜோடியிடம் 82-க்கு 18 என்று தோற்கும். இன்னொன்று, ஒரு சீட்டு பொதுவாக இருந்து துணைச் சீட்டில் அடிபடுவது. ஏஸ்-கிங்கிடம் ஏஸ்-குயினுக்கு 26 சதவீதம்தான் மிஞ்சும்.

இந்த எண்களை 45-க்குப் பக்கத்தில் வைத்தால், எதிராளி எவ்வளவு அகலமாகத் தள்ளுகிறார் என்பதே எல்லாம். பத்து பிளைண்ட் ஆழத்தில், அதாவது பிக் பிளைண்டைப் போலப் பத்து மடங்கு சிப் இருக்கும்போது, சமநிலைக் கணக்குப்படி (யார் தனியாகத் தன் வழியை மாற்றினாலும் லாபம் கூடாத நிலை) ஸ்மால் பிளைண்ட் தன் கைகளில் பாதிக்கும் மேல் தள்ளலாம். பதிலுக்கு பிக் பிளைண்ட் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமான கைகளோடு கால் கொடுக்கலாம். அதாவது எல்லா ஜோடியும், எல்லா ஏஸும், பெரும்பாலான கிங்கும், நல்ல குயின்களும். இந்தச் சமநிலைக்குப் பெயர் கொடுத்த கணித மேதை ஜான் நாஷ் 1950-இல் சமர்ப்பித்த முனைவர் ஆய்வேட்டிலேயே மூவர் ஆடும் எளிய போக்கர் ஒன்று எடுத்துக்காட்டாக வருகிறது. சீட்டாட்டத்துக்கும் இந்தக் கணிதத்துக்கும் உறவு பிறப்பிலேயே தொடங்கியது. முழு மேஜையில் ஆடிப் பழகியவருக்கு ஏஸ்-இரண்டோடு மொத்தத்தையும் வைப்பது பைத்தியக்காரத்தனமாகப் படும். எதிரே ஒருவர் மட்டும், அவரும் பாதிக் கைகளைத் தள்ளுகிறார் என்றால் அது சாதாரணமான கால்.

சிப் இன்னும் சுருங்கினால் விலை தடாலென்று இறங்கும். ஐந்து பிளைண்டில் தேவை 40. மூன்றில் 33. இரண்டில் 25, அங்கே எதிராளி தள்ளினால் சீட்டையே பார்க்க வேண்டாம். மேலே போனால் 20 பிளைண்டில் 47.5. இரண்டு பிளைண்ட் வைத்திருப்பவர் தள்ளும்போது ஏழு-இரண்டைப் பார்த்து முகம் சுளித்துப் போடுபவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒவ்வொரு தடவையும் நஷ்டம், ஆனால் அது ஒருபோதும் கண்ணில் தெரியாத நஷ்டம்.

திறமை வித்தியாசம் நுழையும் இடமும் இதுதான். மேலே போட்டால் என் பங்கு 45 என்றேன். அது இருவரும் சமம் என்று வைத்துக்கொண்டு சொன்னது. நான் எதிராளியைவிடத் தேர்ந்தவன், 9,000 சிப்போடு தொடர்ந்தாலும் பாதி ஆட்டங்களை ஜெயிப்பேன் என்று வைத்துக்கொள்வோம். அப்போது போடுவதன் மதிப்பு 50 ஆகிறது, 47 சதவீதக் கையோடு கால் கொடுப்பது எனக்கு நஷ்டம். மாறாக நான் பலவீனமானவன், 9,000-இலிருந்து 40 தடவைதான் ஜெயிப்பேன் என்றால், 42 சதவீதக் கையையும் கால் கொடுத்துவிட வேண்டும். பலவீனமானவர்தான் அதிகம் துணிய வேண்டும். நடைமுறையில் நடப்பதோ தலைகீழ்: கத்துக்குட்டி பயந்து போடுகிறார், தேர்ந்தவர் "எனக்குத் தெரியும்" என்று சுமாரான காலில் ஆட்டத்தையே இழக்கிறார். எல்லோரும் தன்னைத் தேர்ந்தவராகவே நினைத்துக்கொள்வதால் இந்தத் திருத்தத்தை நான் அளவோடுதான் பயன்படுத்துகிறேன். பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும் போட்டியில் பத்து பிளைண்டோடு காத்திருந்து திறமை காட்ட நேரமும் அதிகம் கிடைக்காது. காசு மேஜையில், சிப் தீர்ந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்னும்போது, இந்தத் திருத்தம் ஏறக்குறைய தேவையே இல்லை. அங்கே மேஜைக்காரர் எடுக்கும் கழிவுக்காகத் தேவையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் போதும்.

நடுவிலே ஒரு கட்டம் மிச்சம், ஃப்ளஷுக்குக் காத்திருக்கும்போது வரும் ஆல்-இன். நடுவில் 4,000, எதிராளி 3,000 தள்ளுகிறார். தேவை 30. ஃப்ளாப்பில் என்றால் இரண்டு சீட்டு வர வேண்டும், ஒன்பது சீட்டு உதவும், 35 சதவீதம், கால். டர்னில் என்றால் ஒரே சீட்டு, 46-இல் 9, இருபதுக்கும் குறைவு, போடு. ஒரு விஷயம் மட்டும்: சேர்ந்தால் பிற்பாடு அவரிடம் இன்னும் கறக்கலாம் என்ற வழக்கமான ஆறுதல் ஆல்-இன்னில் கிடையாது. கறக்க எதுவும் மிச்சமில்லை. பதிலுக்கு, நம்மை வழியில் யாரும் மிரட்டி எழுப்பவும் முடியாது.

தராசில் ஏறக்கூடாதவை சில ஏறிவிடும். ஏற்கெனவே உள்ளே போட்ட 2,500 என்னுடையது என்ற நினைப்பு அதில் ஒன்று. அது இப்போது நடுவில் கிடக்கும் சிப், யாருடையதும் அல்ல. இன்னொன்று எரிச்சல். ஒரு தடவை நண்பர் ஒருவர் தொடர்ந்து மூன்று கை ஆல்-இன் தள்ளினார். நாலாவது தடவை, "இவன் என்னைக் கிள்ளுக்கீரை என்று நினைக்கிறான்" என்று ஜாக்-ஒன்பதோடு கால் கொடுத்தேன். அவரிடம் இருந்தது ஏஸ் ஜோடி. வரிசையாக நான்கு தடவை நல்ல கை வருவது அபூர்வம்தான், ஆனால் என் கோபம் அவர் சீட்டை மாற்றப்போவதில்லை. அவர் அகலமாகத் தள்ளுகிறார் என்ற ஊகம் சரியாகவே இருந்திருக்கலாம். 25 பிளைண்ட் ஆழத்தில் அதற்கு ஜாக்-ஒன்பது போதுமா என்று நான் எண்ணவில்லை, அதுதான் பிழை.

கணக்கு செல்லுபடியாகாத இடமும் ஒன்று உண்டு. 9,500 சிப் என்பது போனால் வீட்டு வாடகை இடிக்கும் தொகை என்றால் 39.6-க்கு அர்த்தம் இல்லை. இரண்டு மடங்கு பணம் இரண்டு மடங்கு சந்தோஷம் என்ற அனுமானத்தில்தான் இத்தனை எண்ணும் நிற்கின்றன. அப்படிப்பட்ட மேஜையில் ஆல்-இன்னுக்கு முன்னாலேயே முடிவு தப்பாகிவிட்டது.

அந்தக் கிங்-குயினுக்கு வருவோம். எதிரே இருந்தவரோடு நான் ஆடிய இரண்டு மணி நேரத்தில் அவர் ரிவரில் பெரிதாகத் தள்ளியது மூன்று தடவை. இரண்டு தடவை நான் போட்டுவிட்டதால் சீட்டு தெரியவில்லை. ஒரு தடவை கால் கொடுத்தேன், செட் காட்டினார். ஆனால் ஃப்ளஷ் தவறிய கைகளில் அவர் டர்னிலேயே பந்தயத்தை நிறுத்திச் செக் செய்ததை நாலைந்து தடவை பார்த்திருந்தேன். இந்தக் கையில் டர்னில் 1,500 கட்டினார். அவர் 43-இல் 18-ஐத் தள்ளுபவராக எனக்குப் படவில்லை. பத்தோ பன்னிரண்டோ இருக்கலாம். சீட்டைப் போட்டேன். அவர் சிப்பை இழுத்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்து உள்ளே தள்ளினார், காட்டவில்லை. 9,500 சிப்போடு அடுத்த கைக்கு பட்டன் என்னிடம் வந்தது.